யானைக்குச் சிறகு

விஞ்ஞானம் இளைஞர்க்கே உரியது என்பது பலர் உள்ளத்தில் ஊறிப்போன எண்ணம். நியூட்டன் இருபத்து மூன்று வயதளவிலேயே வானத்தின் இயக்கத்தை ஆராயத் தொடங்கிவிட்டார். ஐன்ஸ்டீன் 1905ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற கட்டுரைகளை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தாறு. இவற்றை எடுத்துக்காட்டி, முப்பது வயதுக்குள் ஒளிராத அறிவு பின்னர் ஒளிராது என்று முடிவு கட்டுவோர் உண்டு. முடிவு கட்டுதல் எளிது. அது பொருந்துமா என்று பார்த்தல் அன்றோ அரிது? பார்க்க விரும்புவார்க்கு ஜான் பென்னட் ஃபென் என்னும் அமெரிக்க அறிஞரின் வரலாறு பெரிதும் உதவும். இருபத்தாறாம் வயதில் ஃபென், ஒரு ரசாயனத் தொழிற்சாலையை விட்டு நீங்கி மற்றொன்றில் வேலைக்கு அமர்ந்தவர். அதுகாறும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையேனும் வெளியிட்டவர் அல்லர். அவருக்குப் பெரும்புகழ் தந்த பணி அறுபது வயதைக் கடந்த பின்னர் உருப்பெற்று, எழுபதை ஒட்டி முற்றியது. அதற்காக நோபெல் பரிசு வந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து.

ஃபென் 1917ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலத்தில் அவருடைய குடும்பம் கெண்டக்கி மாநிலத்துப் பெரீயா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வூர்க் கல்லூரி ஒரு தனிச் சிறப்புடையது. அது மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. அதற்கு ஈடாக ஒவ்வொரு மாணவரும் வாரந்தோறும் சில மணி நேரம் கல்லூரிப் பணிகளில் உழைத்தல் வேண்டும். ஃபென் அங்கே பயின்று 1937இல் பட்டம் பெற்றார். ரசாயனத்தில் அவருக்கு ஆர்வம் மிகுதி; கணிதப் பயிற்சியோ குறைவு. மேற்படிப்புக்கு இடம் நாடியபோது, இன்னும் கணிதம் கற்க வேண்டும் என்று ஒருவர் அறிவுரை கூறினார். அதனை ஏற்று ஓரளவு கற்றும், அக்குறை தம்மை வாழ்நாள் முழுதும் தொடர்ந்ததாகவே ஃபென் கருதினார்.

யேல் பல்கலைக்கழகத்தில் 1940இல் டாக்டர் பட்டத்திற்கு அவர் அளித்த ஆய்வேடு நாற்பத்தைந்தே பக்கம் உடையது. அதிலும் உரைநடை மூன்று பக்கந்தான் என்பர். நூல் எழுதுவோர் பலர் முந்நூறு பக்கம் எழுதியும் மூன்று பக்கச் செய்தியைச் சொல்லத் தவறுவதை நோக்க, இஃது ஒரு பெருங்குறையன்று. ஆயினும் அந்த ஏட்டைக் கண்ட எவரும் அதன் ஆசிரியர் பிற்காலத்தில் உலகம் போற்றும் விஞ்ஞானி ஆவார் என்று சொல்லியிரார்.

பட்டம் பெற்றபின் ஃபென் பல்கலைக்கழகத்தில் தங்கவில்லை. மான்சாண்டோ நிறுவனத்திலும், பின்னர் ஷார்ப்பிள்ஸ் ரசாயன நிறுவனத்திலும் பணியாற்றினார். 1945இல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் நண்பர் ஒருவர் நடத்திய சிறு நிறுவனத்தில் சேர்ந்து, விமானத்தை உந்தும் எஞ்சின்களில் எரிபொருள் எரியும் இயல்பை ஆராய்ந்தார். அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது 1949இல். அதாவது, பட்டம் பெற்று ஒன்பது ஆண்டு கழிந்த பின்னர். இன்று பல்கலைக்கழகத்தில் வேலை வேண்டும் இளைஞர் ஒருவர் இத்தகைய கணக்கைக் காட்டுவாராயின், தேர்வுக் குழுவினர் அவரை உட்காரச் சொல்வார்களோ என்பதும் ஐயமே.

1952இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஃபென்னை ஏற்றது. அமெரிக்கக் கடற்படையின் பொருளுதவியோடு நடந்த 'ஸ்குவிட்' என்னும் ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. தாரை எஞ்சின்களைப் பற்றிய திட்டம் அது. அங்கேதான் அவர் மூலக்கூறுகளின் ஓட்டத்தை ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியைச் சற்று விளக்கமாக அறிதல் நலம். பின்னர் நிகழ்ந்த அனைத்திற்கும் வித்து அதில்தான் உள்ளது.

வாயுவில் உள்ள மூலக்கூறுகள் ஓரிடத்தில் நில்லா. தேர்த் திருவிழாவில் நெருக்குண்ட மக்களைப் போல எத்திசையிலும் ஓடி ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பன. அழுத்தி அடைத்த வாயுவை நுண்ணிய துளை ஒன்றன் வழியே வெற்றிடத்துள் பாயவிட்டால் நிலைமை மாறுகிறது. குறுகிய வாயிலைக் கடந்து வெட்டவெளிக்கு வந்த கூட்டம் ஒரே திசை நோக்கி ஓடுவதுபோல, மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே வேகத்தோடு முன்னோக்கி விரைகின்றன. அவை தம்முள் முந்துவதும் பிந்துவதும் குறைகின்றன. விஞ்ஞானிகள் குளிர்ச்சி என்று சொல்வது இந்த ஒழுங்கையே. ஆகவே வெற்றிடத்துள் பாயும் வாயுத் தாரை மிக விரைவானது. அதே வேளையில் மிகக் குளிர்ந்தது. கனமான மூலக்கூறுகளை ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற இலேசான வாயுவில் சிறிதளவு கலந்து பாய்ச்சினால், வெள்ளம் மரத்தை அடித்துச் செல்வதுபோல அத்தாரை கனமானவற்றையும் தன் வேகத்தோடு கொண்டு செல்லும். இவற்றையெல்லாம் ஃபென்னும் அவருடன் உழைத்தோரும் பல ஆண்டுகள் நுணுகி ஆராய்ந்தனர். அத்தாரையில் ஒரு தொல்லையும் உண்டு. குளிர்ச்சி மிகுதியால், உடன்வரும் ஆவி மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆராய்ச்சியில் கற்ற இந்தச் சிறு செய்தி, முப்பது ஆண்டு கழித்து அவருக்குக் கைகொடுக்கக் காத்திருந்தது.

1967இல் ஃபென் தாம் பயின்ற யேல் பல்கலைக்கழகத்திற்கே பேராசிரியராகத் திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது.

மூலக்கூற்றை நிறுக்கத் தராசு ஏது என்று வினவலாம். உண்டு, அதற்கு நிறை நிறமாலைமானி என்று பெயர். பொருளை ஆவியாக்கி, அதன் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தந்து, வெற்றிடத்தில் ஓடவிட்டு, காந்தத்தாலோ மின்விசையாலோ அவற்றின் பாதையை வளைப்பர். இலேசானது மிகுதியாக வளையும்; கனமானது குறைவாக வளையும். அந்த வேறுபாட்டிலிருந்து நிறையைக் கணக்கிடுவர். கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் என்னும் அறிஞர் 1919இல் இத்தகைய கருவி ஒன்றை அமைத்து, நியான் வாயுவில் 20, 22 என நிறை வேறுபட்ட அணுக்கள் கலந்திருப்பதை நிலைநாட்டினார். 1922இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதன்பின் வேதியியலார்க்கு இக்கருவி இன்றியமையாததாயிற்று.

ஆனால் உயிர்ப்பொருள்களிடம் இக்கருவி தோற்றது. கற்பூரத்தைத் திறந்து வைத்தால் அது காற்றோடு கலந்து மறையும். முட்டையின் வெண்கருவைச் சூடேற்றினாலோ ஆவியாகாது. கெட்டியாகும், மேலும் சூடேற்றினால் கருகும். வெண்கரு புரதத்தால் ஆயது. புரத மூலக்கூறு ஹைட்ரஜன் அணுவைப்போல் பல்லாயிர மடங்கு கனமுடையது. பறக்கவிட முயன்றால் சிதைந்து போவது. பறக்காத பொருளைப் பறப்பனவற்றை நிறுக்கும் தராசில் எங்ஙனம் ஏற்றுவது? உயிரின் தொழில்கள் பெரும்பாலும் புரதங்களால் நடைபெறுவதால், இந்தத் தோல்வி சிறிய தோல்வியன்று.

வழி ஒன்றை முதலில் கண்டவர் மால்கம் டோல் என்பார். மோட்டார் வண்டிகளுக்கு மின்சார உதவியால் வண்ணத்தைத் தூவிப் பூசும் முறையைப் பார்த்தபோது அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். பொருளைக் கரைசலாக்கி, உயர்ந்த மின்னழுத்தம் ஏற்றிய ஊசிமுனை வழியே விட்டால், அது நுண்ணிய மின்னேற்றத் திவலைகளாகச் சிதறும். திவலையின் நீர் உலர உலர அது சுருங்கும், மின்னேற்றமோ குறையாது. ஓர் எல்லைக்குமேல் தன் மின்னேற்றத்தைத் தாங்கமாட்டாமல் திவலை வெடித்துச் சிறு திவலைகளாகும். அவ்வெல்லையை ராலே பிரபு 1882ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டிருந்தார். இவ்வாறு சுருங்கியும் வெடித்தும் வருகையில், இறுதியில் பெரிய மூலக்கூறு ஒன்று தன் மின்னேற்றத்தோடு தனித்து நிற்கும். சூடேற்றிச் சிதைக்க வேண்டுவதே இல்லை. டோல் 1968இல் தம் சோதனைகளை வெளியிட்டார். எண்ணம் சிறந்தது, முடிவுகள் மட்டும் தெளிவுபடவில்லை.

ஏன் தெளிவுபடவில்லை என்பதைக் காணும் கண் ஃபென்னுக்கு இருந்தது. உலர்ந்து பிரிந்த மூலக்கூறு வெற்றிடத்துள் பாயும்போது வாயுத் தாரை குளிர்கிறது. குளிர்ந்ததும் உடன்வந்த நீராவி முதலியன மீண்டும் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. உலர்த்திய ஆடையை மழையில் நனைத்ததுபோல் ஆயிற்று! ஃபென்னும், ஜப்பானிலிருந்து வந்து அவருடன் பணியாற்றிய மசமிச்சி யமஷிடாவும், வெதுவெதுப்பான உலர்ந்த நைட்ரஜன் வாயுவைத் திவலைகளுக்கு எதிரே வீசச் செய்தனர். அவ்வாயு ஆவியை அப்புறப்படுத்தியது; மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளை மட்டும் மின்விசை கருவிக்குள் இழுத்துச் சென்றது. இச்சோதனைகளை அவர்கள் 1984இல் வெளியிட்டனர். அதே காலத்தில் லெனின்கிராட் நகர விஞ்ஞானிகளும் தனித்து முயன்று இதனை ஒத்த முறை ஒன்றை வெளியிட்டனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

எதிர்க்காற்று வீசச் செய்தல் எவருக்கும் தோன்றக்கூடிய எளிய செய்தியாகவே இன்று படும். ஆயின் தாரையின் குளிர்ச்சியில் ஆவி ஒட்டும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்க்கன்றோ அதன் தேவை விளங்கும்? எஞ்சினிலும் வாயுத் தாரையிலும் கழிந்த ஆண்டுகள் வீணாண்டுகள் போலத் தோன்றின. அவ்வாண்டுகள் இல்லையாயின் இந்த எளிமை தோன்றியிராது. கற்றவன் நேர்வழியே சென்றானா, சுற்றுவழியே வந்தானா என்று கேட்பவர்கள், சுற்றுவழியில் அவன் எதைக் கண்டான் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து வந்தது எதிர்பாராத பேறு. நிறை நிறமாலைமானி உண்மையில் நிறையை மட்டும் அளப்பதில்லை; நிறையை மின்னேற்றத்தின் எண்ணிக்கையால் வகுத்த ஈவையே அளக்கிறது. ஃபென்னிடம் இருந்த கருவி ஏறத்தாழ 1,500 அளவுக்குமேல் அளக்க இயலாதது. ஆயின் அவருடைய முறையில் பெரிய மூலக்கூறு ஒன்று பல மின்னேற்றங்களை ஏற்றது. 17,500 நிறையுள்ள மூலக்கூறு ஒன்று 23 மின்னேற்றங்களைத் தாங்கினால், கருவியின் கண்ணுக்கு அது 760 போலத் தோன்றும். ஒரே வகை மூலக்கூறுகளில் சில இருபது மின்னேற்றமும், சில இருபத்தொன்றும், சில இருபத்திரண்டும் பெறுவதால், ஒரு பொருளுக்குப் பல கோடுகள் தோன்றுவது முதலில் குழப்பமாகப் பட்டது. பின்னர் அக்குழப்பமே நன்மையாயிற்று. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தனித்தனியே நிறையைக் கணக்கிடலாம். ஒரே நெற்குவியலை மரக்காலாலும் படியாலும் உழக்காலும் அளந்து பார்த்து, கணக்கு ஒத்துவந்தால் ஐயம் நீங்குவதைப்போல, அளவு மிகத் துல்லியமாயிற்று. 1988இல் அறிஞர் கூட்டத்தில் 40,000 வரை நிறையுள்ள புரதங்களை அளந்த செய்தியை ஃபென் குழுவினர் அறிவித்தனர். 1989இல் அது விரிவான கட்டுரையாக வெளிவந்தது. பிற்காலத்தில் தம் நோபெல் உரைக்கு அவர் இட்ட தலைப்பு, மூலக்கூற்று யானைகளுக்குச் சிறகு என்னும் பொருளுடையது. மலைகளுக்குச் சிறகு இருந்தன என்றும் இந்திரன் அவற்றை அரிந்தான் என்றும் கேட்டுப் பழகிய தமிழர்க்கு, யானை சிறகு பெற்ற இக்கதை புதுமையாயினும் புரியாதது அன்று.

இனி, வருந்தத்தக்க செய்தியைக் கூற வேண்டும். 1987இல் ஃபென்னுக்கு எழுபது வயது நிறைந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் அக்கால விதிப்படி அவர் ஓய்வு பெற்றார். மதிப்புறு பேராசிரியர் என்னும் பட்டமும் ஓர் அலுவல் அறையும் எஞ்சின. ஆய்வுக்கூடத்தின் பெரும்பகுதியும் உதவியாளரும் கைவிட்டுப் போயினர். அறிஞர் உலகை வியக்க வைத்த அறிவிப்பு அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது. மரம் காய்க்கும் பருவத்தில் நாட்காட்டியைப் பார்த்து நீரை நிறுத்தியது போன்றது இச்செயல்.

ஓய்வு விதியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. முதியோர் இடம்விட்டால்தான் இளையோர்க்கு இடம் உண்டு. எழுபது வயதினர் எல்லாரும் ஃபென் ஆகார். பழைய குறிப்புகளையே ஆண்டுதோறும் படித்துக் காட்டுவோரும் அவர்களுள் உண்டு. அன்னார்க்காக ஆற்றல் மிக்க இளைஞர் வாயிலில் காத்து நிற்பதும் அநீதியே. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் ஃபென்னுடைய ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர்கள் யாவர்? மத்தியாஸ் மன், சின் காய் மெங், ஷெக் ஃபூ வாங் என்னும் இளைஞர்கள். புரதங்களை அளந்த கட்டுரைகளில் இவர்கள் பெயரும் உண்டு. இவர்களுள் மன் பின்னாளில் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் புரத ஆராய்ச்சியின் முன்னோடியாய் விளங்கலானார். முதியவரின் கூடத்தைச் சுருக்கினால், அவருடன் கற்கும் இளையவரின் இடமும் சேர்ந்தே சுருங்குகிறது. முதியோரையும் இளையோரையும் பங்காளிகளைப் போலப் பிரித்துக் காணும் விதி, அவர்கள் ஆசிரியரும் மாணாக்கரும் ஆவர் என்பதை மறந்துவிடுகிறது. ஒருவர் தொடர்ந்து பணியாற்றலாமா என்பதை முடிவு செய்ய அவருடைய பணியைப் பார்த்தல் வேண்டும். அது கடினமான வேலை. பிறந்த ஆண்டைப் பார்த்தல் எளிது. எளிமை கருதியே இத்தகைய விதிகள் வாழ்கின்றன. அமெரிக்காவில் பேராசிரியரை வயது பற்றிக் கட்டாயமாக ஓய்வு பெறச் செய்யும் வழக்கத்திற்குச் சட்டம் அளித்திருந்த விலக்கு 1993ஆம் ஆண்டின் இறுதியோடு ஒழிந்தது. ஃபென்னைப் பொறுத்தவரை அஃது ஆறு ஆண்டு பிந்தி வந்த நீதி.

அவர் குற்றமே அற்றவர் என்று கூறுதலும் உண்மைக்கு மாறாகும். தம் கண்டுபிடிப்பின் உரிமையை அவர் தம் பெயரில் பதிவு செய்து, தமக்குப் பங்குள்ள நிறுவனம் ஒன்றுக்கு அளித்தார். பல்கலைக்கழகம் வினவியபோது அதன் பெருமதிப்பை அவர் மறைத்தார் என்பது வழக்காயிற்று. 2005இல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்து, வழக்குச் செலவு உட்பட 10 லட்சம் டாலருக்குமேல் செலுத்துமாறு அவரைப் பணித்தது. தம்மை வெளியேற்றிய நிலையத்தின்மீது அவருக்கு இருந்த மனக்கசப்பு ஊரறிந்தது. கசப்புக்குக் காரணம் இருந்தது. ஆயின் வாய்மையினின்றும் வழுவுவதற்குக் கசப்பு காரணமாகாது. அறிவிற் சிறந்தோர் வரலாற்றைக் கூறுவோர் இத்தகைய பகுதிகளைக் கூறாது விடுதல் வழக்கம். அவ்வாறு விட்டால் அஃது அவர் வரலாறு ஆகாது, புகழ்மாலை ஆகும்.

1994இல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி அளித்தது. அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தேழு. பல்கலைக்கழகம் ஒன்று அவ்வயதினரைப் புதிதாக வேலைக்கு அமர்த்துவது அடிக்கடி நிகழ்வதன்று. அதற்குள் அவருடைய முறை உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. மருந்து ஆராய்வோர், உணவிலும் நீரிலும் உள்ள நச்சைத் தேடுவோர், விளையாட்டு வீரர் தகாத மருந்து உண்டனரா என்று சோதிப்போர் ஆகிய பலரும் இன்று இதனைக் கையாளுகின்றனர். பிறந்த சின்னாளில் குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, பிறவியோடு வந்த நோய்கள் பலவற்றைத் தேடுவதற்கும் இது பயன்படுகிறது. நோய் வெளிப்படுமுன் அறிந்து, ஏற்ற உணவு கொடுத்துக் காக்கப்படும் குழந்தைகள் உண்டு.

2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் ஒரு பாதி குர்ட் வியூத்ரிச் என்பவருக்குச் சென்றது. மறுபாதியை, பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னேற்றும் வழி கண்டமைக்காக, ஃபென்னுக்கும் கொய்ச்சி தனக்காவுக்கும் பகிர்ந்தளித்தனர். தனக்கா, ஜப்பானில் ஷிமாட்ஸு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். ஃபென் திவலையால் செய்ததை லேசர் ஒளியால் செய்து காட்டியவர். அவருக்கு அப்பொழுது வயது நாற்பத்து மூன்று. டாக்டர் பட்டம் பெற்றவர் அல்லர், பேராசிரியரும் அல்லர். தவறுதலாக இரு பொருள்களைக் கலந்துவிட்டு, வீணாக்க மனமின்றிச் சோதித்துப் பார்த்ததிலிருந்து பிறந்தது அவருடைய கண்டுபிடிப்பு. வயது கடந்தவர் என்று ஒருவரையும், பட்டம் போதாதவர் என்று மற்றவரையும் எந்தத் தேர்வுக் குழுவும் எளிதில் ஒதுக்கியிருக்கும். ஸ்டாக்ஹோம் மேடையில் இருவரும் ஒரே பரிசைப் பெற்றனர்.

ஃபென் பின்னரும் ரிச்மண்ட் நகரிலேயே வாழ்ந்தார். 1945இல் எவரும் அறியாத இளைஞராய் எஞ்சின் ஆராய்ச்சிக்கு அவர் வந்து சேர்ந்த அதே நகரம் அது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள், தொண்ணூற்று மூன்றாம் வயதில், அந்நகரில் அவர் காலமானார். ஆண்டுதோறும் ஸ்டாக்ஹோமில் நோபெல் பரிசு வழங்கும் நாளும் அதுவே.